மறையாக்கம் பெற்ற மடிக்கணினியில் இரண்டாம் இயங்குதளம்: செயல்முறையும் சொற்பொருள் வரையறையும்

0. முன்னுரை

களப்பணி மேற்கொள்ளும் மொழியியலாளரின் மடிக்கணினி இன்று ஒலிப்பதிவுக் கருவியாகவும் சொல்லடைவுப் பெட்டியாகவும் ஆவணக் காப்பகமாகவும் ஒருங்கே பயன்படுகிறது. அதிலுள்ள தரவுகளுக்கு இருவகை இடர்கள் உண்டு. ஒன்று இழப்பு. முதிய பேச்சாளர் ஒருவரிடமிருந்து பெற்ற கதையாடல் அழிந்துவிடின் அதனை மீண்டும் பெற இயலாமற் போகலாம். மற்றொன்று வெளிப்பாடு. தகவலாளி நம்பிக்கையுடன் கூறிய குடும்பச் செய்திகளும் ஊர்ப் பூசல்களும் பிறர் கையிற் சிக்கக் கூடாதவை. வட்டினை மறையாக்கம் செய்தல் இரண்டாம் இடரைத் தடுக்கிறது. ஆனால் கவனம் பிறழ்ந்தால் முதல் இடரை அதுவே மிகுவிக்கிறது. திறவுகோலை இழந்தவருக்கும் திருடனுக்கும் மறையாக்கம் வேறுபாடு காட்டுவதில்லை.

இந்நிலையில் அக்கணினியிலேயே இரண்டாவதாக ஒரு திறமூல இயங்குதளத்தை நிறுவ வேண்டிய தேவை பலருக்கு எழுகிறது. பேச்சறிதலுக்குரிய கால்டி போன்ற ஆய்வுக் கருவிகள் லினக்ஸ் சூழலை மையமாகக் கொண்டு உருவானவை என்பது ஒரு காரணம். 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றமை மற்றொரு காரணம். விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், கணினியைப் புதிதாக அமைத்து மைக்ரோசாஃப்ட் கணக்கின்வழி நுழையும்போது வட்டு தானாகவே மறையாக்கம் பெறும் வழக்கம் விரிவாக்கப்பட்டுள்ளது. ஆகவே தம் வட்டு மறையாக்கம் பெற்றிருப்பதை அறியாமலேயே இப்பணியில் இறங்குவோர் உளர்.

விண்டோஸ் 11 இயங்குதளமும் பிட்லாக்கர் மறையாக்கமும் உள்ள மடிக்கணினியில் டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல் ஒன்றை நிறுவுதலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அச்செயல்முறையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். இச்செயல்முறையில் மீள இயலாத கட்டங்கள் சில உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு சொல்லின் பொருளை ஐயமற அறிதலைச் சார்ந்துள்ளன. அச்சொற்கள் தமிழில் இன்னும் வரையறை பெறாமல் மயங்கி வழங்குகின்றன என்பதையும் கட்டுரை சுட்டுகிறது.

1. சொற்பொருள் வரையறை

1.1 குறியாக்கமும் மறையாக்கமும்

எழுத்துகளுக்கு எண்களை வகுத்து அவற்றைக் கணினியில் இருத்தும் முறை ஒன்று. ஒருங்குறி, தகுதரம், தாப், தாம் ஆகியன இவ்வகையின. திறவுகோல் உடையவர் மட்டுமே படிக்குமாறு தரவினை உருமாற்றும் முறை மற்றொன்று. முதலாவது யாவரும் படிப்பதற்காக ஏற்பட்டது; இரண்டாவது பிறர் படியாதிருத்தற்காக ஏற்பட்டது. நோக்கத்தில் நேர்மாறான இவ்விரு கருத்துகளுக்கும் தமிழில் ‘குறியாக்கம்’ என்னும் ஒரே சொல் வழங்கக் காண்கிறோம். ‘இக்கோப்பு வேறு குறியாக்கத்தில் உள்ளது, திறக்க இயலவில்லை’ என்னும் தொடரைக் காண்க. எழுத்துரு மாற்றியைத் தேடுவதா, திறவுகோலைத் தேடுவதா என்பது இத்தொடரால் விளங்குவதில்லை.

இரண்டாவது கருத்துக்கு ‘மறைகுறியாக்கம்’, ‘மறையாக்கம்’ என்னும் சொற்களும் வழக்கில் உள. முன்னது பொருள் நிறைவுடையது. எனினும் நீண்ட தொகைச்சொற்களில் இடர்ப்படுகிறது. பின்னது சுருக்கமானது. மறையாக்கம் தரவின் இருப்பை மறைப்பதில்லை, அதன் பொருளையே மறைக்கிறது. ஆகவே ‘மறை’ என்னும் அடி முற்றும் பொருந்தாது எனச் சிலர் கருதலாம். ஆயினும் கலைச்சொல்லுக்கு முதன்மையாக வேண்டப்படுவது பிற சொற்களினின்று பிரித்தறியப்படுதலே. இக்கட்டுரையில் ‘மறையாக்கம்’, ‘குறியாக்கம்’ என்பன முறையே அவ்விரு பொருள்களில் மட்டும் ஆளப்படுகின்றன.

1.2 விசை, திறவுகோல், கடவுத்தொடர், மீட்பெண்

ஆங்கிலத்தில் விசைப்பலகையின் பொத்தானுக்கும் மறையாக்கத்தின் திறவுகோலுக்கும் சொல் ஒன்றே. அச்சொல்லைத் தமிழாக்குவோர் இரண்டிடத்தும் ‘விசை’ என்றே எழுதிவிடுகின்றனர். ‘மீட்பு விசையை உள்ளிடுக’ என்னும் தொடரைக் காணும் பயனர், விசைப்பலகையில் அப்பெயருடைய பொத்தான் எங்குள்ளது எனத் தேடுவது இயல்பேயாகும்.

உண்மையில் ஈண்டு நான்கு பொருள்கள் உள்ளன. விசைப்பலகையின் விசை ஒன்று. தரவினை நேரடியாக உருமாற்றும் எண்சரம் இரண்டாவது; இது கணினி தானே உருவாக்குவது, பயனர் கண்ணிற் படாதது. இதனைத் ‘திறவுகோல்’ எனலாம். அத்திறவுகோலை விடுவிப்பதற்காகப் பயனர் தட்டும் சொற்றொடர் மூன்றாவது; இது ‘கடவுத்தொடர்’. இயல்பான வழி அடைபடும்போது பயன்படும் மாற்று எண் நான்காவது. பிட்லாக்கரில் இது 48 இலக்கங்களால் ஆனது. ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகளாக எழுதப்படும். தட்டச்சுப் பிழையைக் கண்டறிவதற்காக ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடுமாறு அமைக்கப்பட்டுள்ளது. எண்ணாகவே இருத்தலின் இதனை ‘மீட்பெண்’ என வழங்குவது பொருத்தமாகும்.

1.3 திறத்தல், இடைநிறுத்தல், மறைநீக்கல்

இம்மூன்றும் வெவ்வேறு செயல்கள். ‘திறத்தல்’ என்பது வட்டிலுள்ள தரவு மறையாக்க நிலையிலேயே இருக்க, படிக்கும் பகுதியை மட்டும் நினைவகத்தில் அவ்வப்போது தெளிவாக்கித் தருவது. ‘இடைநிறுத்தல்’ என்பது தரவை மாற்றாமல், திறவுகோலைத் தற்காலிகமாகக் காவலின்றி வட்டிலேயே வைப்பது. பூட்டைக் கழற்றாமல் சாவியைக் கதவிலேயே விட்டுவைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். ‘மறைநீக்கல்’ என்பது வட்டு முழுவதையும் வெளிப்படைத் தரவாக மாற்றி எழுதுவது. இதற்குச் சில மணி நேரமும் ஆகலாம். இவை பற்றிய ஆணைகளை வேறுபாடின்றி ‘முடக்கு’ என மொழிபெயர்த்தால், இடைநிறுத்த விரும்பியவர் மறைநீக்கிவிடவும், மறைநீக்கிவிட்டதாக எண்ணியவர் இடைநிறுத்தியதோடு நின்றுவிடவும் நேரும்.

2. மறையாக்கம் செயற்படும் முறை

2.1 அளவிட்டுத் திறக்கும் முறை

இன்றைய மடிக்கணினிகளில் டி.பி.எம். எனப்படும் ஒரு சிறு பாதுகாப்புக் கூறு உள்ளது; விண்டோஸ் 11 அதன் 2.0 பதிப்பை இன்றியமையாததாகக் கோருகிறது. கணினி தொடங்கும்போது நிலைபொருள், அதன் அமைப்புகள், தொடக்க நிரல் ஆகியவற்றின் தடங்கள் படிப்படியாக அளவிடப்பட்டு இக்கூற்றின் பதிவேடுகளில் சேர்க்கப்படுகின்றன. பிட்லாக்கர் தன் திறவுகோலை அவ்வளவுகளோடு பிணைத்துக் கூற்றிடம் ஒப்படைத்திருக்கிறது. அளவுகள் முன்போலவே அமையின் திறவுகோல் வெளிவரும். பயனர் எதனையும் தட்டாமலே விண்டோஸ் தொடங்கும். அளவு மாறின் கூறு திறவுகோலைத் தராது. அப்போது திரையில் மீட்பெண் கேட்கப்படும்.

இரண்டாம் இயங்குதளத்தை நிறுவுவோர் செய்வன பலவும் அளவுகளை மாற்றக்கூடியவை. பாதுகாப்பான தொடக்கம் எனப்படும் ஏற்பாட்டை நிறுத்துதல், வட்டுக் கட்டுப்படுத்தியின் இயங்குமுறையை மாற்றுதல், நிலைபொருளைப் புதுப்பித்தல் ஆகியன அத்தகையன. ஆகவே மீட்பெண் கேட்கப்படுதல் பழுதன்று. ஏற்பாடு தன் கடமையைச் செய்வதன் அடையாளமே ஆகும். மீட்பெண் கைவசம் இல்லாதவருக்கோ அது தரவின் முடிவாக அமையும்.

2.2 இருபடித் திறவுகோல் முறை

லினக்ஸில் இப்பணியைச் செய்வது 2004இல் கிளெமென்ஸ் ஃபுரூவிர்த் வடிவமைத்த லக்ஸ் என்னும் முறை. இதிலும் கடவுத்தொடர் தரவை நேரடியாக உருமாற்றுவதில்லை. வட்டுப்பகுதியின் முகப்பில் ஒரு தலைப்பகுதி உள்ளது. அதில் உண்மைத் திறவுகோல், கடவுத்தொடரால் காக்கப்பட்ட நிலையில் வைக்கப்பட்டிருக்கும். ஒரே திறவுகோலைப் பல கடவுத்தொடர்களால் திறக்கலாம்; முதல் பதிப்பில் 8 இடங்களும் இரண்டாம் பதிப்பில் 32 இடங்கள் வரையும் இதற்கு உண்டு. கடவுத்தொடரை மாற்றும்போது வட்டு முழுவதையும் மாற்றி எழுத வேண்டுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

இதிலிருந்து முக்கியமான வேறொன்றும் பெறப்படுகிறது. தலைப்பகுதி சிதைந்துவிடின், கடவுத்தொடரைச் சரியாக அறிந்திருந்தும் தரவைப் பெற இயலாது. கடவுத்தொடரை நினைவில் வைத்திருத்தல் போதும் என்னும் எண்ணம் தவறானது. தலைப்பகுதியின் படியையும் வேறோரிடத்திற் காத்தல் வேண்டும்.

3. நிறுவலுக்கு முந்தைய பணிகள்

இப்பணிகளின் வரிசை மாற்றத்தக்கதன்று.

(அ) தரவு முழுவதையும் வெளிவட்டு ஒன்றிற் படியெடுத்தல். படியெடுத்ததோடு அமையாது, வேறொரு கணினியில் சில ஒலிப்பதிவுகளைத் திறந்து பார்த்தலும் வேண்டும். திறந்து பார்க்கப்படாத படி, படியாகாது.

(ஆ) மீட்பெண்ணைப் பெற்றுத் தாளில் எழுதுதல் அல்லது அச்சிடுதல். தானாக மறையாக்கம் பெற்ற கணினியாயின் மீட்பெண் பெரும்பாலும் பயனரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். நிறுவனம் வழங்கிய கணினியாயின் அந்நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கக்கூடும். அத்தகைய கணினியில் இப்பணியை மேற்கொள்ளுமுன் நிறுவனத்தின் இசைவைப் பெறுதல் முறையாகும். மீட்பெண்ணை அதே மடிக்கணினியின் கோப்பொன்றில் வைத்தல் பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டுவதை ஒக்கும்.

(இ) விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்துதல். இவ்வசதி இருக்கும்போது கணினியை அணைத்தாலும் இயங்குதளத்தின் ஒரு பகுதி உறைநிலையில் வட்டில் எஞ்சி நிற்கும். அந்நிலையில் லினக்ஸிலிருந்து அவ்வட்டுப்பகுதியில் எழுதினால் கோப்பு அமைப்பு சிதையக்கூடும்.

(ஈ) வட்டில் இடம் ஒதுக்குதல். இதனை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே செய்தல் வேண்டும். மறையாக்கம் பெற்ற பகுதியின் உள்ளமைப்பை லினக்ஸ் நிறுவி அறியாது. ஆகவே அதனைச் சுருக்கவும் இயலாது. விண்டோஸோ, பகுதி திறந்த நிலையில் இயங்குவதால் அதனை மறைநீக்காமலே சுருக்க வல்லது. 512 ஜி.பி. வட்டில் 100 ஜி.பி. ஒதுக்கினால் பொதுவான ஆய்வுப் பணிக்குப் போதுமானது. பெருந்தரவகங்களைக் கையாள்வோர் மேலும் ஒதுக்கலாம்.

(உ) பிட்லாக்கரை இடைநிறுத்துதல். இடைநிறுத்தியபின் நிகழும் தொடக்க மாற்றங்கள் மீட்பெண்ணைக் கோரா. பாதுகாப்பு மீண்டும் செயற்படும்போது புதிய அளவுகளோடு திறவுகோல் பிணைக்கப்படும். வேறு குறிப்பின்றி இடைநிறுத்தினால், விண்டோஸ் மறுமுறை தொடங்கியதும் பாதுகாப்பு தானே மீள்வது வழக்கம்.

(ஊ) நிறுவல் கோப்பின் மெய்ம்மையைச் சரிபார்த்தல். வழங்கலைப் பதிவிறக்கியபின் அதன் சரிபார்ப்புத் தொகையை, வெளியிட்டோர் அறிவித்த தொகையோடு ஒப்பிட வேண்டும். ஏட்டுப்பிரதிகளை மூலத்தோடு ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் பணி போன்றது இது. ஒரே ஓர் எழுத்து வேறுபடினும் தொகை முற்றிலும் வேறுபட்டுவிடும்.

4. நிறுவல்

4.1 பாதுகாப்பான தொடக்கத்தை நிறுத்தாதிருத்தல்

பாதுகாப்பான தொடக்கத்தை நிறுத்திவிட்டே லினக்ஸை நிறுவ வேண்டும் என்னும் அறிவுரை இன்றும் வழங்குகிறது. முதன்மையான வழங்கல்களைப் பொறுத்தவரை இது காலங்கடந்தது. டெபியன் 2019இல் வெளிவந்த பத்தாம் பதிப்பு முதல் இவ்வேற்பாட்டோடு இயங்குகிறது. உபுண்டு, ஃபெடோரா ஆகியனவும் அவ்வாறே. ஏற்பாட்டை நிறுத்தாதிருப்பின் பிட்லாக்கரின் அளவுகள் மாறும் வாய்ப்பும் குறையும்.

4.2 வட்டினைப் பகுத்தல்

மீள இயலாத கட்டம் இதுவே. நிறுவி முன்வைக்கும் வழிகளில் ‘வட்டு முழுவதையும் பயன்படுத்து’ என்பது விண்டோஸையும் தரவையும் சேர்த்து அழிப்பது. மறையாக்கத்துடன் நிறுவும் எளிய வழி பல நிறுவிகளில் இதனோடே இணைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. மறையாக்கத்தை விரும்பி அதனைத் தெரிவு செய்பவர், உடன் வரும் ‘வட்டு முழுவதும்’ என்னும் சொற்களைக் கவனியாது விடலாம். இரண்டு இயங்குதளங்களும் நிலைத்திருக்க வேண்டுமாயின் டெபியனில் கையாற் பகுக்கும் வழியைத் தெரிவு செய்து, ஒதுக்கிய வெற்றிடத்தில் மட்டும் பின்வருவனவற்றை அமைக்க வேண்டும்.

முதலாவதாக, ஏறத்தாழ 1 ஜி.பி. அளவில் தொடக்கப்பகுதி, இது மறையாக்கமின்றி அமையும். இரண்டாவதாக, எஞ்சிய இடம் முழுவதும் லக்ஸ் மறையாக்கப்பகுதி. அதனுள் இயங்குதளத்திற்கும் தரவுக்கும் இடமாற்று நினைவுக்கும் உட்பகுதிகள் அமையும். இடமாற்று நினைவை வெளியே அமைத்தல் கூடாது. நினைவகத்தில் தெளிந்த நிலையில் உள்ள தரவு அங்கு எழுதப்படும் ஆதலின், அது மறையாக்கத்தின் புறவழியாகிவிடும். விண்டோஸ் முன்பே அமைத்துள்ள யு.இ.எஃப்.ஐ. தொடக்கப்பகுதியை இரு இயங்குதளங்களும் பகிர்ந்துகொள்ளலாம். அதனை வடிவமைத்தல் கூடாது. வடிவமைத்தால் விண்டோஸின் தொடக்க நிரல் அழியும்.

இரண்டாம் இயங்குதளத்தையும் மறையாக்க வேண்டுமா என்னும் வினா எழலாம். விண்டோஸில் காக்கப்பட்ட ஒலிப்பதிவு, பகுப்பாய்விற்காக லினக்ஸிற்குப் படியெடுக்கப்படுகிறது. லினக்ஸ் பகுதி வெளிப்படையாக இருப்பின் காவல் அங்கேயே அற்றுவிடுகிறது. இரு வாயில்களுடைய வீட்டில் ஒன்றை மட்டும் பூட்டுவதால் பயனில்லை.

4.3 கடவுத்தொடரும் தமிழ் எழுத்துகளும்

கடவுத்தொடரைத் தமிழில் அமைக்கலாமா என்பது நம் துறையினர் இயல்பாக எழுப்பக்கூடிய வினா. இவ்விடத்திற் குறியாக்கமும் மறையாக்கமும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. லக்ஸ் முறை எழுத்துகளை அறியாது. அவற்றின் பைட்டுகளையே அறியும். ‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இருவகையாகத் தரலாம். ககரத்தோடு ஒகரக் குறியீட்டை ஒரே எண்ணாகச் சேர்த்தல் ஒரு வகை. ககரத்தோடு எகரக் குறியீட்டையும் கால் குறியீட்டையும் தனித்தனியே சேர்த்தல் மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. பொதுவழக்கிலுள்ள எட்டுநுண்மிக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் பெறுவதால், முன்னது 6 பைட்டுகளும் பின்னது 9 பைட்டுகளும் ஆகும். ஒரு விசைப்பலகை அமைப்பில் இட்ட கடவுத்தொடர், வேறொன்றில் தட்டும்போது பொருந்தாது போகக் காரணம் இதுவே.

மேலும், கடவுத்தொடர் கேட்கப்படும் தொடக்க நிலையில் தமிழ் உள்ளீட்டு வசதி பொதுவாக இயங்குவதில்லை. ஆதலின் அடிப்படை உரோமன் எழுத்துகளில் அமைந்த நீண்ட கடவுத்தொடரே பாதுகாப்பானது. தமிழ்ச் சொற்கள் நான்கைந்தை உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து இணைத்தல் நினைவிற்கும் எளிது. ஆனால் ஒலிபெயர்ப்பு ஒரே சீராக இருத்தல் வேண்டும். நெடிலுக்கு ஓரிடத்தில் ஈரெழுத்தும் பிறிதோரிடத்தில் ஓரெழுத்தும் இடுவோர் இடர்ப்படுவர்.

5. நிறுவிய பின்னர்

5.1 தொடக்கத் தெரிவு

லினக்ஸின் தொடக்கப் பட்டியல் வழியாக விண்டோஸைத் தொடங்கினால், அளவுகள் மாறுபட்டு மீட்பெண் கேட்கப்படுதல் உண்டு. நிலைபொருளின் சொந்தத் தொடக்கப் பட்டியலிலிருந்து விண்டோஸை நேரடியாகத் தெரிவு செய்வதால் இதனைத் தவிர்க்கலாம்.

இரு இயங்குதளங்களும் ஒரே நிலைபொருளைப் பகிர்வதால் ஒன்றின் புதுப்பிப்பு மற்றொன்றைத் தாக்குதலும் உண்டு. 2024 ஜூலையில் வெளியான விண்டோஸ் புதுப்பிப்பினைத் தொடர்ந்து சில கணினிகள் மீட்பெண்ணைக் கேட்கத் தொடங்கின. அடுத்த மாதப் புதுப்பிப்போ, பழைய தொடக்க நிரல்களைத் தடை செய்ததன் விளைவாக, இரு இயங்குதளங்கள் உள்ள சில கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவொட்டாது செய்தது. மீட்பெண் எழுதிய தாளைக் களப்பயணத்திலும் அணுகத்தக்கவாறு, ஆனால் கணினிப் பையில் அல்லாது வேறோரிடத்தில், வைத்திருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

5.2 கோப்புப் பெயர்களும் காலக்குறிப்பும்

விண்டோஸின் கோப்பு அமைப்பில் ஒரு கோப்புப் பெயர் 255 குறியீட்டலகுகள் வரை அமையலாம். லினக்ஸில் பெரிதும் வழங்கும் எக்ஸ்ட்4 அமைப்பிலோ வரம்பு 255 பைட்டுகள். தமிழ்க் குறியீடு ஒன்றிற்கு மூன்று பைட்டுகள் ஆதலின், அங்கே 85 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் இடமில்லை. மெய்யெழுத்தும் பெரும்பாலான உயிர்மெய்யெழுத்துகளும் இரண்டு குறியீடுகளால் ஆனவை. ஆகவே ஐம்பது எழுத்துள்ள பெயரே வரம்பைத் தொடக்கூடும். ஊர்ப்பெயர், கதைத்தலைப்பு, நாள் ஆகிய அனைத்தையும் தமிழிற் கோத்துப் பெயரிடும் வழக்கமுடையோர், படியெடுக்கும்போது சில கோப்புகள் மட்டும் விடுபடுவதைக் காணலாம். படியெடுத்தபின் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுதல் இன்றியமையாதது.

காலக்குறிப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. கணினியின் உட்கடிகாரம் காட்டுவதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. லினக்ஸ் பொதுவாக அதனை உலகப் பொதுநேரமாகக் கொள்கிறது. ஒன்று மற்றொன்றிற்கேற்பத் திருத்தப்படாவிடின் இந்தியாவில் ஐந்தரை மணி நேர மாறுபாடு தோன்றும். அவ்வாறு நேர்ந்தால் மாலையில் எடுத்த பதிவு நண்பகலில் எடுத்ததாகக் குறிக்கப்படும். பதிவுகளின் வரிசையைக் காலக்குறிப்பைக் கொண்டு நிறுவும் ஆய்வில் இது சிறு பிழையன்று.

5.3 தரவுப் பரிமாற்றம்

இரு இயங்குதளங்களுக்கும் பொதுவாக மறையாக்கமற்ற ஒரு பகுதியை அமைத்தல் எளிய வழியாகத் தோன்றும். அது மேலே கூறிய புறவழியே ஆகும். 2020இல் வெளிவந்த கிரிப்ட்செட்டப் 2.3 பதிப்பு முதல் பிட்லாக்கர் பகுதியை லினக்ஸிலிருந்தே திறக்கும் வசதி உள்ளது. மீட்பெண்ணைத் தந்து திறந்து, வேண்டிய கோப்பினைப் படியெடுத்து, மீண்டும் மூடிவிடலாம். விண்டோஸோ லக்ஸ் பகுதியைத் தானாகத் திறக்க அறியாது.

6. மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்குரியன

லக்ஸ் முறையில் மறையாக்கிய வெளிவட்டினை விண்டோஸ் கணினியில் இணைத்தால், அதனை அறியாத விண்டோஸ், பயன்படுத்துமுன் வட்டினை வடிவமைக்க வேண்டும் எனக் கூறி இசைவு கேட்கும். ‘வடிவமை’ என்னும் வினை தமிழில் ஆக்கப்பொருள் உடையது. மலர், மனை, மேடை முதலியன வடிவமைக்கப்படுகின்றன. அழிவுப்பொருள் அச்சொல்லில் சிறிதும் இல்லை. இசைவு தருபவரின் வட்டில் லக்ஸ் தலைப்பகுதி மேலெழுதப்படும். அதன்பின் கடவுத்தொடர் பயன்படாது. காப்புப்படிகளே இவ்வகை வட்டுகளில் பெரிதும் இருப்பதால், இவ்வொரு சொல்லின் விலை மிகுதி. ‘அழித்து வடிவமை’ என விரித்து எழுதுதல் சுருக்கத்திற்கு மாறாயினும் தெளிவிற்கு ஏற்றது.

தொடரமைப்பிலும் இடர்ப்பாடு உண்டு. நிறுவியின் எச்சரிக்கைகளில் வட்டின் பெயர், நிரல் இயங்கும்போது இட்டு நிரப்பப்படும் வெற்றிடமாக இருக்கும். உரோமன் எழுத்தும் எண்ணும் கலந்த அப்பெயரோடு வேற்றுமையுருபை ஒட்டுதல் அரிது எனக் கருதி, செயப்படுபொருளையே விடுத்து ‘தரவு அழிக்கப்படும்; தொடரவா?’ என அமைத்துவிடுவதுண்டு. எழுவாயும் செயப்படுபொருளும் தோன்றாது நிற்றலைத் தமிழ் ஏற்கும். ஆனால் எச்சரிக்கை அதனை ஏற்காது. எந்த வட்டு, எந்தப் பகுதி என்பதைத் தனி வரியிற் பெயராக நிறுத்தி, அதன்பின் ‘மேற்குறித்த பகுதியிலுள்ள தரவு முழுவதும் அழிக்கப்படும்’ என்னும் தொடரை அமைத்தால் உருபுச் சிக்கலும் நேராது, பொருளும் மயங்காது.

டெபியன் நிறுவி தமிழிலும் கிடைக்கிறது. தமிழ் எழுத்துருவின் தன்மையால் அது வரைகலை முறையில் மட்டுமே தமிழைக் காட்டும். இத்தகைய மொழிபெயர்ப்புகள் தன்னார்வலர்களின் உழைப்பால் உருவானவை. அவற்றில் யாவரும் திருத்தம் முன்மொழியலாம் என்பது திறமூல மென்பொருளின் சிறப்பாகும். மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் அவ்வாய்ப்பைப் பயன்படுத்தி, குறைந்தது மறையாக்கம், திறவுகோல், மீட்பெண், இடைநிறுத்தல், மறைநீக்கல், அழித்து வடிவமைத்தல் ஆகிய சொற்களிலேனும் ஒருமைப்பாடு காண முயலுதல் தகும்.

7. முடிவுரை

மறையாக்கம் பெற்ற மடிக்கணினியில் இரண்டாம் இயங்குதளத்தை நிறுவுதல் அரிய செயலன்று. திறவுகோல் தொடக்க அளவுகளோடு பிணைந்துள்ளது என்பதை அறிந்து மீட்பெண்ணை முதலிற் பெறுதல், விண்டோஸைக் கொண்டே இடம் ஒதுக்குதல், இரண்டாம் இயங்குதளத்தையும் மறையாக்குதல், லக்ஸ் தலைப்பகுதியின் படியைக் காத்தல் ஆகிய நான்கும் இதன் இன்றியமையாக் கூறுகள். இவற்றுள் ஒன்று பிறழினும் இழப்போ வெளிப்பாடோ நேரும்.

பலபொருள் ஒருமொழி இலக்கியத்தில் நயமாகக் கொள்ளப்படுகிறது. கணினித் திரையில், மீள இயலாத ஒரு செயலுக்கு இசைவு கேட்கும் தொடரில், அதுவே கேடாக முடிகிறது. கலைச்சொல்லாக்கத்தில் எளிமையையும் இனிமையையும் அளவுகோலாகக் கொள்வதோடு, அச்சொல்லைத் தவறாக விளங்கிக்கொள்பவர் எதனை இழப்பார் என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும். ஒரு மொழியின் கடைசிப் பேச்சாளர்களுள் ஒருவர் பாடிய பாடல் அவ்வட்டில் இருக்கக்கூடும்.